கடை வாங்கும்போது சொலிசிட்டர் கட்டணம்: 1,500 பவுண்டு ஏன், 3,600 பவுண்டு ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். இங்கிலாந்தில் காலியாக இருக்கும் ஒரு கடையை, பின்கட்டிலுள்ள கிடங்கோடு சேர்த்து, 4 லட்சம் பவுண்டுக்கு உங்கள் கம்பெனியின் பெயரில் ஃப்ரீஹோல்டாக, அதாவது நிலத்தோடு முழு உரிமையாக, வாங்கி, அதில் மளிகைக் கடை நடத்தப் போகிறீர்கள். பாதிக்கு மேல் வங்கிக் கடன். மீதியில் ஒரு பகுதியை உங்கள் அண்ணன் தருகிறார். உங்கள் வீட்டை வாங்கியபோது வேலை பார்த்த சொலிசிட்டர் (சொத்துப் பத்திர வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர்) 1,500 பவுண்டு கேட்கிறார். நண்பர் சொல்லிப் போய்ப் பார்த்த இன்னொருவர் 3,600 பவுண்டு கேட்கிறார். இரண்டுக்கும் மேல் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி தனி. ஒரே கடைக்கு, ஒரே பத்திரத்துக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம், குறைவாகக் கேட்பவரிடமே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டு தொகைகளும் ஒரே வேலைக்கான கூலியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதே என் பதில். சொலிசிட்டர் அலுவலகங்களில் வணிகச் சொத்துப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குறைவாகச் சொல்லித் தொடங்கி, நடுவில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் மற்றவர் சொன்னதைவிடக் கூடுதலாகப் பில் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், குறைவாகச் சொல்லி அதற்குள்ளேயே ஒழுங்காக முடித்துக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். எது எப்படி என்பது தொகையில் தெரியாது, அதோடு வரும் கடிதத்தில்தான் தெரியும். கீழே எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை வைத்து. ஸ்காட்லாந்தில் சொத்துச் சட்டமே வேறு என்பதால் அங்கே வாங்குபவர்கள் அங்குள்ள சொலிசிட்டரையே பார்க்க வேண்டும்.

வீடு வாங்கிய அனுபவத்தை வைத்துக் கடை வாங்குவதை அளக்க முடியாது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கிரயத்துக்குச் சொலிசிட்டர்கள் தங்கள் கட்டண விவரத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று அவர்களுடைய ஒழுங்குமுறை அமைப்பான எஸ்.ஆர்.ஏ. 2018 டிசம்பர் முதல் கட்டாயப்படுத்தியிருக்கிறது. வணிகச் சொத்து வாங்குவது அந்த விதிக்குள் வராது. ஆகவே சந்தை விலை என்று ஒன்றைத் தேடிப் பார்த்து ஒப்பிட உங்களுக்கு வழி குறைவு. ஒவ்வொருவரிடமும் எழுதிக் கேட்டு வாங்க வேண்டியதுதான். வேலையும் வேறு. வாங்குபவர்தான் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், விற்பவர் தாமாக முன்வந்து குறைகளைச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு. வணிகச் சொத்தில் அது இன்றும் முழு வீச்சோடு நிற்கிறது. அதனால்தான் சி.பி.எஸ்.இ. என்று அழைக்கப்படும் நீண்ட கேள்விப் பட்டியலை வாங்குபவரின் சொலிசிட்டர் அனுப்புகிறார். எல்லைச் சுவர், வழியுரிமை, ஆஸ்பெஸ்டாஸ், தீப் பாதுகாப்பு, திட்ட அனுமதி, வாட் வரி, மின்சாரம், தகராறுகள் என்று அது நீண்டுகொண்டே போகும். பல கேள்விகளுக்கு 'வாங்குபவர் தாமே ஆய்வு செய்து தெரிந்துகொள்ளட்டும்' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். அதை அப்படியே கோப்பில் செருகி வைப்பதா, திருப்பி எழுதிக் கேட்பதா என்பதில்தான் சொலிசிட்டரின் நேரம் போகிறது. உங்கள் பணமும் அங்கேதான் போகிறது.

வீட்டு வேலை பார்ப்பவர் கடை வேலை பார்க்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் எத்தனை வணிகச் சொத்துக் கிரயங்களை முடித்தீர்கள், என் கோப்பை யார் கையில் கொடுப்பீர்கள், அவரை மேற்பார்வை செய்பவர் யார்? இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அடிக்கடி செய்பவர் கூச்சமில்லாமல் பதில் சொல்வார்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். உங்கள் வேலையை ஏற்றுக்கொள்ளும் முன் செலவு எவ்வளவு ஆகும் என்பதை இயன்றவரை துல்லியமாகச் சொல்ல வேண்டியது சொலிசிட்டரின் கடமை. அது எழுத்தில் வரும். முதல் பக்கத்தில் தொகை இருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது மூன்றாம், நான்காம் பக்கங்களில் 'இந்தக் கட்டணம் பின்வருவனவற்றை அடிப்படையாகக் கொண்டது' என்று தொடங்கும் பகுதியை. சொத்து ஒரே பத்திரத்தில் பதிவாகியிருக்கிறது, வாடகைக்கு இருப்பவர் எவரும் இல்லை, கடன் ஆவணங்கள் இதில் சேரா, வாட் வரி பற்றிய ஆலோசனை சேராது, முத்திரைத் தீர்வைப் படிவம் தனி, இன்ன தேதிக்குள் முடிய வேண்டும், இத்தனை மணி நேரத்துக்கு மேல் போனால் மணிக் கணக்கில் கட்டணம் என்று வரிசையாக இருக்கும். அந்தப் பகுதியை இரண்டு கடிதங்களிலும் எடுத்து, பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். 1,500 பவுண்டுக் கடிதத்தில் 'கடன் ஆவணங்கள் சேரா' என்று இருந்து, 3,600 பவுண்டுக் கடிதத்தில் அவை சேர்ந்திருந்தால், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்து, பலரையும் திடுக்கிட வைக்கும் விஷயம் ஒன்று. வீட்டுக் கடனில் பெரும்பாலும் உங்கள் சொலிசிட்டரே வங்கிக்காகவும் வேலை பார்த்துவிடுவார். வணிகக் கடனில் வங்கி பெரும்பாலும் தனக்கென்று வேறு சொலிசிட்டரை அமர்த்தும். அவருடைய கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டும். கடன் வழங்கும் கடிதத்தின் கட்டணப் பகுதியில் இது ஒரு வரியாக இருக்கும். கடன் கடைசியில் நடக்காமல் போனாலும் கட்டணம் உங்களுடையதுதான் என்பதும் அந்த வரியிலேயே இருக்கும். அந்த சொலிசிட்டர் வேலையைத் தொடங்கும் முன்பே, அவருடைய கட்டணத்தைக் கட்டுவதாக உங்கள் சொலிசிட்டரிடம் உறுதிமொழி கேட்பார். சொலிசிட்டர் தரும் உறுதிமொழி அவரையே கட்டுப்படுத்தும், மீறினால் அவருடைய தொழில் உரிமத்துக்கே ஆபத்து என்பதால், அதற்கு ஈடான தொகையை அவர் உங்களிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வங்கியின் சொலிசிட்டருக்கு உச்ச வரம்பு ஒன்றைக் கடன் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு பேரம் பேச இடம் இருக்காது. சில வங்கிகள், சிறிய கடன்களுக்கு, தங்கள் பட்டியலில் உள்ள சொலிசிட்டர் ஒருவரே இரு தரப்புக்கும் வேலை பார்க்கச் சம்மதிக்கும். உங்கள் வங்கியிடம் அதையும் கேட்டுப் பாருங்கள், கணிசமாக மிச்சமாகும்.

கம்பெனியின் பெயரில் கடன் வாங்கும்போது இயக்குநர்களிடமும், சில நேரம் அவர்களுடைய துணைவர்களிடமும் வங்கி தனிப்பட்ட ஜாமீன் கேட்கும். உங்கள் மனைவியிடம் கேட்டால் அவருக்கென்று தனி சட்ட ஆலோசனை வேண்டும் என்று வங்கி சொல்லும். ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்துக்கும் எட்ரிட்ஜுக்கும் இடையிலான வழக்கில் 2001ஆம் ஆண்டு, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பிலிருந்து வந்த நடைமுறை இது. கணவரின் கடனுக்கு மனைவி பொறுப்பேற்கும்போது, கணவர் அருகில் இல்லாத இடத்தில், நேருக்கு நேர், சட்டச் சொற்கள் இல்லாத எளிய மொழியில் ஒரு சொலிசிட்டர் அவருக்கு விளக்க வேண்டும் என்பது அதன் சாரம். நான் இருந்த அலுவலகத்துக்கு ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிக்கு ஆங்கிலம் சரளமாக வராது, நானே மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்று கணவரும் கூடவே அறைக்குள் வந்து உட்கார்ந்தார். அவரை வெளியே இருக்கச் சொன்னபோது அவருக்கு அது அவமானமாகப் பட்டது. தமிழ் தெரிந்த வேறொருவரை ஏற்பாடு செய்து, தொழில் நொடித்தால் குடியிருக்கும் வீட்டையும் வங்கி கேட்கலாம் என்று விளக்கியபோது அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தொகைக்கு ஒரு வரம்பு போட முடியாதா?" என்பதுதான். கேட்டுப் பார்த்தார்கள், வங்கி வரம்பு போட்டுக் கொடுத்தது. அந்த ஒரு மணி நேர ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். கம்பெனியின் சொத்தின் மீது வங்கி பெறும் அடமானத்தை 21 நாட்களுக்குள் கம்பெனிகள் பதிவகத்தில் பதிய வேண்டும். அதைச் செய்வது யார் பொறுப்பு என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சொத்தைப் பற்றி வெளி அமைப்புகளிடம் கேட்டு வாங்கும் தேடல் அறிக்கைகள், நிலப் பதிவகக் கட்டணங்கள் ஆகியவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இவற்றில் ஏமாற்றத்துக்கு அதிக இடமில்லை. உள்ளாட்சி மன்றத் தேடல், குடிநீர் மற்றும் கழிவுநீர், சுற்றுச்சூழல், இடத்தைப் பொறுத்துச் சுரங்கம், வெள்ளம் என்று அறிக்கைகள் வரும்; வணிகச் சொத்துக்கு இவை வீட்டைவிட விலை கூடுதல். நிலப் பதிவகத்திலிருந்து பத்திர நகல் ஒன்றுக்கு 2024 டிசம்பர் முதல் 7 பவுண்டு. பதிவுக் கட்டணம் சொத்தின் விலையைப் பொறுத்தது. இந்தத் தொகைகள் வெளியாருக்குப் போகின்றன. வங்கி வழியாகப் பணம் அனுப்பும் 'பரிமாற்றக் கட்டணம்' என்று வருவதில் மட்டும் வங்கி வசூலிப்பதைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தால், கூடுதலானது அலுவலகத்தின் வருமானம்தான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உண்மையில் உங்கள் பணப்பையைக் கனமாகத் தாக்கக்கூடியது சொலிசிட்டர் கட்டணமல்ல, வாட் வரியும் முத்திரைத் தீர்வையும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் இடம். விளம்பரத்தில் '4 லட்சம் பவுண்டு' என்று போட்டிருக்கும். 'வாட் இருப்பின் தனி' என்று சிறிய எழுத்தில் கீழே இருக்கும். வணிகக் கட்டடத்தின் விற்பனைக்குப் பொதுவாக வாட் விலக்கு உண்டு. ஆனால் உரிமையாளர் விரும்பினால் தம் சொத்தை வரிக்கு உட்படுத்துவதாக வருவாய்த் துறைக்குத் தெரிவித்துவிடலாம். அப்படித் தெரிவித்திருந்தால் விற்கும்போது 20 சதவீத வரி சேரும். கட்டி 3 ஆண்டு முடியாத புதிய வணிகக் கட்டடத்தின் ஃப்ரீஹோல்டு விற்பனைக்கு எப்படியும் வரி உண்டு.

உங்கள் கடையை வைத்தே கணக்குப் போடுவோம். வாட் இல்லையென்றால் முத்திரைத் தீர்வை இப்படி வரும்: முதல் 1,50,000 பவுண்டுக்கு ஒன்றுமில்லை, அடுத்த 1 லட்சத்துக்கு 2 சதவீதம், 2,000 பவுண்டு, மீதி 1,50,000க்கு 5 சதவீதம், 7,500 பவுண்டு, ஆக 9,500 பவுண்டு. விற்பவர் வரிக்கு உட்படுத்தியிருந்தால் விலையோடு 80,000 பவுண்டு வாட் சேர்ந்து 4,80,000 ஆகும், முத்திரைத் தீர்வை அந்த மொத்தத் தொகையின் மீது கணக்கிடப்படும். 13,500 பவுண்டு வரும். நீங்கள் வாட்டில் பதிந்து மளிகை வியாபாரம் நடத்துகிறவர். உணவுப் பொருள்களில் பலவற்றுக்கு வரி பூஜ்ய சதவீதம் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது வரிக்குட்பட்ட விற்பனையே என்பதால், அந்த 80,000ஐப் பொதுவாக உங்கள் வாட் கணக்கில் திரும்பப் பெறலாம். ஆனால் கிரயம் முடியும் நாளில் அது கையில் இருந்தாக வேண்டும். வங்கிகள் பெரும்பாலும் வாட் தொகைக்குக் கடன் தருவதில்லை. கூடுதலாகக் கட்டிய 4,000 பவுண்டு முத்திரைத் தீர்வையோ திரும்பி வரவே வராது. இந்த ஒரு கேள்வியை, விற்பவர் வரிக்கு உட்படுத்தியிருக்கிறாரா, அதற்குச் சான்று எங்கே என்று, விலை பேசும் நாளிலேயே கேட்டுவிட்டால் அந்த 4,000ஐ விலையில் குறைத்துப் பேசும் வாய்ப்பாவது கிடைக்கும். ஒப்பந்தம் தயாரான பிறகு கேட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

வாடகைக்காரரோடு கூடிய கட்டடத்தை முதலீடாக வாங்குபவர்களுக்கு, நடக்கும் தொழிலையே கைமாற்றிக் கொள்வதாகக் கருதி வாட் கட்டாமல் முடிக்கும் வழி ஒன்று உண்டு. வாங்குபவர் வாட்டில் பதிந்து, தாமும் வரிக்கு உட்படுத்துவதாக உரிய நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். முன்பணம் கை மாறும் முறையைப் பொறுத்து அந்த நேரம் ஒப்பந்தப் பரிமாற்றத்தன்றே, அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை மாற்றிக்கொண்டு கட்டுப்படும் நாளிலேயே, வந்துவிடலாம். ஒரு நாள் பிந்தினாலும் முழு வரி விழும். நீங்கள் வாங்குவது காலியான கடை என்பதால் இந்த வழி உங்களுக்கு இல்லை. வாட் பற்றி ஆலோசனை சொல்வது எங்கள் வேலையில்லை என்று சொலிசிட்டரின் கடிதம் சொன்னால், அதை உங்கள் கணக்காளர் ஏற்க வேண்டும். இருவரில் ஒருவராவது ஏற்றிருக்கிறார் என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். முத்திரைத் தீர்வைப் படிவத்தைக் கிரயம் முடிந்த 14 நாட்களுக்குள் அனுப்பித் தீர்வையையும் கட்டிவிட வேண்டும். பிந்தினால் 100 பவுண்டு அபராதம், 3 மாதத்துக்கு மேல் பிந்தினால் 200. வேல்ஸில் இது வேறு வரி, வேறு விகிதம், அவகாசமும் 30 நாள்.

இனி உங்கள் அண்ணன் தரும் பணத்தைப் பற்றி. நம் குடும்பங்களில் கடை வாங்கும் பணம் ஒரே கணக்கிலிருந்து வருவது அரிது: கொஞ்சம் சேமிப்பு, சீட்டு எடுத்த பணம், அக்காவின் கணவர் தந்த கைமாற்று, நகையை விற்ற காசு என்று பல வாய்க்கால்களில் வந்து சேரும். பணத்தின் மூலத்தை விசாரிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் கறுப்புப் பணத் தடுப்பு விதிகள் சொலிசிட்டருக்குக் கடமை விதிக்கின்றன. அவர் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; கேட்காமல் விட்டால் குற்றவாளியாவது அவர்தான். அண்ணனுடைய அடையாள ஆவணங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் கேட்கப்படும். அவர் தருவது அன்பளிப்பா, கடனா, பங்கா என்பதையும் கேட்பார்கள். 'அண்ணன் தருகிறார்' என்ற பதில் போதாது. அன்பளிப்பு என்றால் அவருக்கு இந்தச் சொத்தில் உரிமை இல்லை என்று அவரே கையெழுத்திட வேண்டும். கடன் என்றால், வங்கியின் கடனுக்குப் பின்னால்தான் தம் கடன் என்று அவர் ஒப்புக்கொள்ளும் பத்திரத்தை வங்கி கேட்கலாம். பங்கு என்றால் கம்பெனிப் பங்குகளிலோ நம்பிக்கைப் பத்திரத்திலோ அது எழுதப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆவணம், தனித்தனிக் கட்டணம். இதை முதல் நாளே அண்ணனோடு உட்கார்ந்து பேசித் தீர்மானித்துக்கொண்டு சொலிசிட்டரிடம் போங்கள். கிரயத்துக்கு முந்தின வாரம் இது கிளம்பினால் கட்டணமும் ஏறும், உறவிலும் கசப்பு விழும். சீட்டுப் பணம் என்றால் சீட்டு நடத்தியவர் யார், நீங்கள் மாதாமாதம் கட்டியதற்கு வங்கிக் கணக்கில் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ரொக்கமாக வைத்திருக்கும் பணத்தைச் சிறு சிறு தொகையாகப் பிரித்துக் கணக்கில் போடுவதைப் போலச் சந்தேகத்தை வரவழைக்கும் செயல் வேறில்லை.

இவ்வளவு செலவுக்கும் என்னதான் கிடைக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கோப்பைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போன்றே ஒரு கடை. பின்னால் சந்து, சந்திலிருந்து கிடங்குக்கு வாசல். வாங்க வந்தவர் நேரில் பார்த்தபோது சரக்கு வண்டி ஒன்று அந்தச் சந்தில் நின்றுகொண்டிருந்ததால், வண்டி வர வழி இருக்கிறது என்று நிம்மதியாகப் போய்விட்டார். நிலப் பதிவகத்தின் வரைபடத்தில் சொத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடு கடையையும் கிடங்கையும் சுற்றி வந்து கிடங்கின் பின்சுவரோடு நின்றது. சந்து வெளியே இருந்தது. சந்து பொதுச் சாலையா என்று உள்ளாட்சித் தேடல் அறிக்கையைப் பார்த்தால், மன்றம் பராமரிக்கும் சாலைகளின் பட்டியலில் முன்பக்கத் தெரு மட்டுமே இருந்தது. வழியுரிமைக்குப் பழைய பத்திரத்தைத் தேடி எடுத்தோம். அதில் இருந்த வாசகம் 'நடந்து செல்வதற்கு மட்டும்' என்பது. இத்தனை ஆண்டுகள் வண்டி வந்தது சந்தின் உரிமையாளர் பொறுத்துக்கொண்டதாலா, நீண்டகாலப் பயன்பாட்டால் உரிமையாகிவிட்டதாலா என்று விற்பவரிடம் சத்தியப் பிரமாணம் கேட்டு, காப்புறுதி ஒன்றையும் அவர் செலவில் வாங்க வைத்து, அதன் பிறகே ஒப்பந்தத்தைப் பரிமாறினோம். மூன்று வாரம் தாமதம். வாங்குபவருக்கு எங்கள் மேல் கோபம். ஆனால் அரிசி மூட்டைகளைப் பின்வாசல் வழியே இறக்க முடியாத மளிகைக் கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வரைபடம் வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே கடைக்குப் போய், சிவப்புக் கோட்டின் வழியே ஒரு சுற்று நடந்து பாருங்கள். உங்கள் சொலிசிட்டர் அந்த இடத்துக்கு வரமாட்டார். குப்பைத் தொட்டி எங்கே நிற்கிறது, குளிர்சாதன இயந்திரம் யார் சுவரில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.

மளிகையோடு மதுபானமும் விற்க எண்ணம் இருந்தால் அதை இப்போதே சொலிசிட்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய பத்திரங்களில் 'மதுபானம் விற்கக் கூடாது' என்ற கட்டுப்பாடு இருப்பது புதிதல்ல. காப்புறுதி எடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை அமல்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் நீங்களே போய்ப் பேசிவிட்டால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும். 2020 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் கடை, உணவகம், அலுவலகம் ஆகியவை 'ஈ' என்ற ஒரே பயன்பாட்டு வகுப்பில் வருவதால் இவற்றுக்குள் மாறுவதற்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை; சூடான உணவைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் கடை அந்த வகுப்பில் சேராது. கடை மூலையில் கொத்துரொட்டி போடும் யோசனை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஃப்ரீஹோல்டு இல்லாமல் ஏற்கெனவே உள்ள லீஸை (குறிப்பிட்ட காலக் குத்தகையை) வாங்குபவர்களுக்கு இன்னொரு சொலிசிட்டர் வந்து சேர்வார்: நிலவுரிமையாளரின் சொலிசிட்டர். லீஸ் கைமாற உரிமையாளரின் அனுமதி வேண்டும், அதற்கான கட்டணத்தை விற்பவர் தலையில் லீஸ் சுமத்தும், விற்பவர் அதை உங்கள் தலைக்கு மாற்றப் பார்ப்பார். 1954ஆம் ஆண்டின் நிலவுரிமையாளர் மற்றும் வாடகைதாரர் சட்டம் தரும் பாதுகாப்பு, அதாவது காலம் முடிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை, அந்த லீஸுக்கு இருக்கிறதா, எழுதி விலக்கப்பட்டிருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே ஒரு காசும் கொடுக்கக் கூடாது. வாடகைக்கு விடும் எண்ணத்தோடு வாங்குபவர்கள், கட்டடத்தின் ஆற்றல் திறனுக்குத் தரம் போடும் ஆற்றல் சான்றிதழைப் பார்க்க வேண்டும். தரம் 'எஃப்' அல்லது 'ஜி' என்றால், பதிவு செய்யப்பட்ட விலக்கு இல்லாதவரை, 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள வாடகையைக்கூடத் தொடர முடியாது.

ஏலத்தில் வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் சொலிசிட்டருக்கான வேலை அங்கே தலைகீழாக மாறிவிடும். சுத்தியல் விழுந்த நொடியில் ஒப்பந்தம் முடிந்துவிடும், பொதுவாக 10 சதவீதம் அன்றே கட்ட வேண்டும். ஆகவே ஆவணத் தொகுப்பை ஏலத்துக்கு முன்பே படித்துச் சொல்ல ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். ஏலம் கிடைக்காவிட்டால் அந்தத் தொகை போனதுதான். விற்பவரின் சட்டச் செலவையும் தேடல் அறிக்கைச் செலவையும் வாங்குபவரே தர வேண்டும் என்ற சிறப்பு நிபந்தனைகள் அந்தத் தொகுப்பின் உள்ளேதான் ஒளிந்திருக்கும்.

கிரயம் நடுவில் முறிந்தால் என்ன கட்ட வேண்டும் என்பதையும் கடிதத்தில் தேடுங்கள். ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் வரை விற்பவர் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அதுவரை நடந்த வேலைக்கு நீங்கள் கட்டியாக வேண்டும். வேறு யாரிடமும் பேசுவதில்லை என்று சில வாரங்களுக்கு எழுதித் தர விற்பவர் ஒப்புக்கொண்டால், தேடல் அறிக்கைகளுக்குப் பணம் கட்டும் முன் அதைச் செய்துகொள்வது நல்லது. நீங்கள் கட்டும் சட்டச் செலவுகள் சொத்து வாங்கிய செலவில் சேரும், தொழிலின் அன்றாடச் செலவாக லாபத்தில் கழிக்க முடியாது. பில்களைப் பத்திரமாக வையுங்கள், என்றோ விற்கும் நாளில் ஆதாய வரிக் கணக்கில் அவை கைகொடுக்கும்.

பில்லில் தகராறு வந்தால் முதலில் அந்த அலுவலகத்திலேயே எழுத்துமூலம் முறையிட்டு 8 வாரம் வரை பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். தீராவிட்டால் சட்டக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும், ஆண்டு விற்றுமுதலோ சொத்து மதிப்போ 20 லட்சம் யூரோவைத் தாண்டாத சிறு கம்பெனிகளுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. தொகை அதிகம் என்பது மட்டுமே புகார் என்றால், 1974ஆம் ஆண்டின் சொலிசிட்டர்கள் சட்டப்படி பில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்ற மதிப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு மாதம் கடந்துவிட்டால் அது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு சொலிசிட்டர்களுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது. கடை காலி, கம்பெனியின் பெயரில் வாங்குகிறேன், வங்கிக் கடன் உண்டு, மனைவியின் ஜாமீன் கேட்கப்படலாம், அண்ணன் இன்ன முறையில் பணம் தருகிறார், வாட் நிலை தெரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதி, இவை அனைத்துக்கும் சேர்த்து என்ன கட்டணம், எது இதில் சேராது, முறிந்தால் என்ன, எந்தக் கட்டத்தில் கட்டணம் மாறினால் எனக்கு முன்கூட்டித் தெரிவிப்பீர்கள் என்று கேளுங்கள். பதில்கள் வந்த பிறகும் முதலாமவரின் தொகை 1,500லேயே நின்று, வணிகக் கிரயங்கள் செய்து பழக்கமும் அவருக்கு இருந்தால், தாராளமாக அவரிடமே கொடுங்கள். யாரிடம் கொடுத்தாலும், முன்பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணை முதல் சந்திப்பிலேயே அவர் கையால் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு எண் மாறிவிட்டது என்று பின்னால் மின்னஞ்சல் வந்தால் பணம் அனுப்பாமல், உங்களிடம் ஏற்கெனவே உள்ள தொலைபேசி எண்ணில் அவரை அழைத்துக் கேளுங்கள்.